பொழுதுபோக்காகப் படமெடுப்பவருக்கு ரிக்கோ ஜிஆர் 3

புகைப்படத்தால் ஒரு வெள்ளிகூட ஈட்டாத, ஈட்டவும் விரும்பாத ஒருவருக்கு ஆயிரம் வெள்ளிக்கு மேல் விலையுள்ள கேமரா தேவையா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. ரிக்கோ ஜிஆர் 3-ஐ நாள்தோறும் கையோடு கொண்டுசெல்லும் நான், தேவை என்றே சொல்வேன்.

2019இல் வெளிவந்த இந்தக் கேமரா, மின்கலமும் நினைவக அட்டையும் சேர்த்து 257 கிராம் எடைதான் கொண்டது. ஆயினும் பெரிய கேமராக்களில் காணப்படும் ஏபிஎஸ்-சி அளவு உணரி (ஒளியைப் படமாகப் பதிவுசெய்யும் பகுதி), 24 மெகாபிக்சல் திறனுடன் இதற்குள் இருக்கிறது. லென்ஸைக் கழற்ற முடியாது, ஜூமும் கிடையாது. முழுச்சட்டக (35 மி.மீ. ஃபிலிம் அளவு) கணக்கில் 28 மி.மீ. என்னும் அகன்ற பார்வை ஒன்றே உண்டு என்பதால், எதிர்ச்சாரியில் நின்றபடி ஒருவரின் முகத்தைப் பெரிதாகப் பிடிக்க இயலாது. அருகே சென்றாக வேண்டும். பலர் குறையாகக் கருதும் இந்தக் கட்டாயம்தான், என் மாலை வேளைகளுக்கு ஒரு பொருளைத் தந்தது.

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில், தேக்காவை ஒட்டிய கேம்பல் லேன் பூக்கடையில் மாலை தொடுக்கும் விரல்களைப் படமெடுக்க, "அண்ணே, ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்ட பிறகே நெருங்க முடியும். அந்தக் கேள்வியிலிருந்து ஊர், பிள்ளைகளின் படிப்பு, மல்லிகை வரத்து என்று பேச்சு வளர்கிறது. படத்தை 4ஆர் (4க்கு 6 அங்குல) அளவில் அச்சிட்டு அடுத்த முறை கையில் கொடுத்தால், அது ஊரிலிருக்கும் அம்மாவுக்குப் போகிறது. நாள் முழுவதும் கணினித் திரையில் கணக்குகளைச் சரிபார்க்கும் எனக்கு, இன்னொருவர் பத்திரப்படுத்தும் ஒன்றை என் கையால் செய்து தருவது வேறெதிலும் கிடைக்காத மகிழ்ச்சி.

நிலநடுக்கோட்டை ஒட்டியிருப்பதால் சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஏழு மணியளவில் கதிரவன் மறைகிறது. அந்தி விரைவாகவே முடிந்துவிடுகிறது. அலுவலகம் விட்டு வருபவருக்குக் கிடைக்கும் நல்ல ஒளி மிகக் குறைவு என்னும்போது, ஏறத்தாழ ஒரு நொடியில் இயங்கத் தொடங்கும் இதன் வேகம் பெரிதும் உதவுகிறது. இதிலுள்ள ஸ்னாப் ஃபோகஸ் வசதியில் தொலைவை 2.5 மீட்டர் என்றும் ஒளி புகும் துவாரத்தை எஃப் 8 (எண் கூடக்கூடத் துவாரம் சிறிதாகும்) என்றும் முன்கூட்டியே அமைத்துக்கொண்டால், ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டருக்கு அப்பால் உள்ளவை எல்லாம் தெளிவாக விழும். பொத்தானை ஒரேயடியாக அழுத்தினால் போதும். கேமரா குவியம் தேடும் தாமதம் இல்லை. கடைகளின் முன்னுள்ள கூரையிட்ட ஐந்தடிப் பாதையில் நடந்து வருபவர்களை இயல்பு மாறாமல் எடுக்க இதைவிட ஏற்ற முறையை நான் கண்டதில்லை. ஒளி மங்கிய பிறகு துவாரத்தை எஃப் 2.8 வரை திறக்கலாம். உள்ளமைந்த அதிர்வுத் தடுப்பு கை நடுக்கத்தை ஈடுசெய்யுமே தவிர, நடப்பவரின் அசைவை நிறுத்தாது.

குறைகளும் உண்டு. முழு மின்னூட்டத்தில் சுமார் 200 படங்கள்தான் எடுக்கலாம். உபரி மின்கலம் ஒன்று அவசியம். உள்ளமைந்த பிளாஷும் கண்ணால் நோக்கும் வியூஃபைண்டரும் இல்லை. தூசியும் ஈரமும் புகாத காப்பு இல்லாததுதான் நம் ஊருக்குப் பெரிய குறை. மழையில் வெளியே எடுக்கக்கூடாது. வீட்டில் ஈரப்பதத்தை 40 முதல் 50 விழுக்காட்டில் வைக்கும் உலர்பெட்டியில் பாதுகாக்காவிட்டால், லென்ஸில் பூஞ்சை படரக்கூடும்.

பிள்ளைகளையும் பெற்றோரையும் முகத்தளவில் எடுக்க விரும்புபவர்களுக்கு, 40 மி.மீ. பார்வை கொண்ட ஜிஆர் 3எக்ஸ் பொருத்தமானது. பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் பழைய கேமராக் கடைகள் பல உள்ளன. அங்கு வாங்குவதாயின், துவாரத்தை எஃப் 16 ஆக்கி வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள். உணரியில் தூசி இருந்தால் கரும்புள்ளிகளாகத் தெரியும்.