அம்மாவின் மூக்கும் ஆர்.வி. டேங்க் மருந்துகளும்: இரண்டு வருட அனுபவம்

அம்மா படியேறி உள்ளே வந்து பையைக் கீழே வைக்கக்கூட இல்லை. "ஏன்டி, கூமுட்டை அடிக்குதே, உங்களுக்குத் தெரியலையா?" என்றார். நிஜமாகவே தெரியவில்லை. ஆர்.வி. என்பது கழிப்பறை, சமையலறை எல்லாம் உள்ள வீட்டு வண்டி. அதற்குள்ளேயே நாள் முழுக்க இருப்பவர்களுக்கு மூக்கு அந்த வாடைக்குப் பழகிவிடுகிறது. வெளியே போய் அரை மணி நேரம் நடந்துவிட்டுத் திரும்பி வந்து கதவைத் திறந்தபோதுதான் எனக்கே குப்பென்று ஏறியது. அந்த நொடியில் எனக்கு வந்த வெட்கத்தைச் சொல்லி மாளாது. விருந்தாளிகள் எத்தனை பேர் வாயைத் திறக்காமல் வந்து போயிருப்பார்களோ!

அன்றிலிருந்து இரண்டு வருடமாக நான் வாங்கிப் போட்டவை, கழற்றி மாட்டியவை எல்லாவற்றையும் பற்றித்தான் இந்த விமர்சனம். முதலில் டேங்க் மருந்துகள், அதாவது வண்டியின் கழிவு சேரும் டேங்கில் நாற்றத்தை அடக்கப் போடுபவை.

வண்டி வாங்கியபோதே கூட வந்தது ஒரு நீலத் திரவம். ஊற்றிய முதல் நாள் வாசனை ஆளைத் தூக்கியது. மூன்றாம் நாள் அந்த வாசனையும் கழிப்பறை வாடையும் கைகோத்துக்கொண்டு வந்தன. அது இன்னும் மோசம். இந்த வகை நீல மருந்துகள் பலவற்றில் ஃபார்மால்டிஹைடோ பிரோனோபாலோ இருக்கும். இரண்டும் கிருமிக்கொல்லிகள். டேங்கில் இருக்கும் நுண்ணுயிர்களைக் கொன்று வாயு உருவாவதைத் தடுப்பதுதான் அவற்றின் வேலை. கெட்டியானதைக் கரைப்பது அவற்றின் வேலையே இல்லை. போதாக்குறைக்கு, கழிவைக் கொண்டுபோய் செப்டிக் டேங்கில் விட்டால் அங்கே வேலை செய்துகொண்டிருக்கும் நல்ல நுண்ணுயிர்களையும் கொன்றுவிடும். அதனால்தான் ஆர்.வி.யை நிறுத்தித் தங்கும் முகாம்கள் பலவற்றில் இதைப் போட்டால் கழிவைக் கொட்டவே விடுவதில்லை. ஐந்துக்கு ஒன்றரை. அந்த அரையும் முதல் நாள் வாசனைக்காக.

அடுத்து என்சைம் பாக்கெட். தண்ணீரில் கரையும் உறைக்குள் பொடியாக வரும். இது எனக்குப் பிடித்தது, ஆனால் போட்ட உடனே பலனை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். இதில் என்சைமோடு உயிருள்ள நுண்ணுயிர்களும் இருக்கும். அவற்றுக்குத் தண்ணீர் வேண்டும், வெதுவெதுப்பு வேண்டும், நேரமும் வேண்டும். குளிர் அதிகமானால் சோம்பிவிடும். முதல் இரண்டு வாரம் ஒரு வித்தியாசமும் தெரியாமல், காசு போச்சு என்றுதான் நினைத்தேன். மூன்றாவது வாரம், எப்போதும் 'முக்கால்' என்றே காட்டிக்கொண்டிருந்த பிளாக் டேங்க் (கழிப்பறைக் கழிவு சேரும் டேங்க்) அளவுமானி, கொட்டிய பிறகு முதன்முறையாகக் 'காலி' என்றது. சென்சார் முனைகளில் கழிப்பறைக் காகிதமும் அழுக்கும் ஒட்டிக்கிடந்ததால்தான் அதுவரை பொய் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அன்று அந்தச் சின்ன விளக்கைப் பார்த்து நான் கைதட்டினேன். என் கணவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஆனால் பாக்கெட்டுக்கு மட்டும் அந்தப் பெருமையைக் கொடுக்க முடியாது. அதே சமயத்தில்தான் நாங்கள் ஒரு கெட்ட பழக்கத்தையும் விட்டோம். சாக்கடை இணைப்பு இருக்கும் இடங்களில், சுலபமாக இருக்கிறதே என்று பிளாக் டேங்க் வால்வைத் திறந்தே வைத்திருப்போம். நீர் உடனுக்குடன் ஓடிவிடும், கெட்டியானது மட்டும் கழிப்பறைக்கு நேர் கீழே மேடாகக் குவிந்து காயும். அது ஆர்.வி.க்காரர்கள் எல்லோரும் பயப்படும் மேடு. இப்போது வால்வை மூடியே வைக்கிறோம். மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும் ஒரேயடியாகத் திறந்தால் எல்லாமே சேர்ந்து வேகமாகப் போகிறது. முதலில் பிளாக் டேங்க், பிறகு சமையல் தொட்டி, ஷவர் தண்ணீர் சேரும் கிரே டேங்க். அந்தச் சோப்புத் தண்ணீரே குழாயைக் கழுவிவிடும். கொட்டி முடித்ததும் 15 லிட்டர் தண்ணீரை உள்ளே விட்டு அதில் பாக்கெட்டைப் போடுகிறோம். தண்ணீர்க் கஞ்சத்தனம் பண்ணினால் எந்த மருந்தும் வேலை செய்யாது. என்சைம் பாக்கெட்டுக்கு நான்கு.

வெயில் கொளுத்தும் மாதங்களில் மட்டும் நைட்ரேட் பொடி ஒன்றுக்கு மாறினேன். கூமுட்டை வாடைக்குக் காரணம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. காற்றுப் படாத இடத்தில் சில நுண்ணுயிர்கள் சல்ஃபேட்டை எடுத்துக்கொண்டு இந்த வாயுவை விடுகின்றன. நைட்ரேட் கிடைத்தால் டேங்கில் நடக்கும் சங்கதியே மாறிவிடும், அந்த வாயு அவ்வளவாக உண்டாகாது. நகரச் சாக்கடைகளிலும் நாற்றத்தை அடக்க கால்சியம் நைட்ரேட் ஊற்றுவது உண்டு. வேகம் நன்றாக இருந்தது. காகிதம் கரைந்ததா என்றால் பெரிதாக இல்லை. மூன்றரை.

சரி, மருந்துக் கதை முடிந்தது, நாற்றம் போனதா? பாதிதான் போனது. அம்மா அடுத்த முறை வந்தபோது உள்ளே நின்று இரண்டு தடவை மூக்கை உறிஞ்சிவிட்டு, "முன்னைக்குப் பரவாயில்ல. ஆனா இருக்கு" என்றார். இந்த முறை நான் சும்மா இருக்கவில்லை. அவரையே முன்னால் விட்டுப் பின்னால் டார்ச்சோடு நடந்தேன்.

முதல் நிறுத்தம் கழிப்பறை. வீட்டுக் கழிப்பறையில் தண்ணீர் தேங்கி நின்று வாயுவைத் தடுக்கும் வளைகுழாய் இருக்கும், அது ஆர்.வி. கழிப்பறையில் கிடையாது. கிண்ணத்தின் அடியில் காலால் மிதியை அழுத்தினால் திறக்கும் ஒரு மூடி, அதன் விளிம்பைச் சுற்றி ஒரு ரப்பர் சீல், அதற்கு மேல் கொஞ்சம் தண்ணீர். நமக்கும் டேங்குக்கும் நடுவே இருப்பது அவ்வளவுதான். அந்தத் தண்ணீர் நிற்கவில்லை என்றால் கதவைத் திறந்து வைத்த மாதிரி. இரவு படுக்கும்முன் கிண்ணத்தில் நாலு விரல் உயரம் தண்ணீர் விட்டுவிட்டுக் காலையில் பார்த்தேன். வறண்டு கிடந்தது.

கையுறை மாட்டி, தண்ணீர் இணைப்பை அடைத்துவிட்டு, மிதியை அழுத்தித் திறந்துவைத்துக்கொண்டு சீலின் உதட்டுக்கு அடியில் விரலை ஓட்டினேன். ஊறி நைந்த காகிதத் துணுக்கு, அதன்மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி ஒரு படிவு. நகத்தால் சுரண்ட வராது. வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் சுற்றிவைத்தால் இளகும். துடைத்து எடுத்தபிறகு பார்த்தால் ஓரிடத்தில் ரப்பரே வெட்டுப்பட்டு, கீறல் ஒன்று பளபளவென்று தெரிந்தது. மாற்று சீல் வாங்கினேன். எங்கள் மாடலில் கழிப்பறையைத் தரையிலிருந்து கழற்றாமல் மேலிருந்தே மாற்ற முடிந்தது. எல்லா மாடலிலும் அப்படி முடியாது, வாங்கும்முன் பாருங்கள். சிலிக்கோன் கிரீஸ் ஒரு பூச்சு தடவினேன். வாசலின் வேண்டாம், சில வகை ரப்பரை அது உப்பவைத்துவிடும். மறுநாள் காலை தண்ணீர் அப்படியே நின்றது. நான் வாங்கியதிலேயே மிகச் சின்னப் பொருள் இதுதான், பெரிய பலனைக் கொடுத்ததும் இதுதான். ஐந்துக்கு ஐந்து.

இரண்டாவது நிறுத்தம் ஷவர். "இங்கதான்டி, இந்த ஓட்டையில" என்று அம்மா குனிந்தே விட்டார். நாங்கள் ஷவரைப் பொருள் வைக்கும் அலமாரியாகத்தான் வைத்திருந்தோம், குளிப்பதெல்லாம் முகாம் குளியலறையில். பயன்படுத்தாத வடிகாலின் வளைகுழாயில் நிற்கும் தண்ணீர் ஆவியாகிவிடும். ஓட்டும்போது குலுங்கலில் சிந்தியும் போகும். தண்ணீர் போனால் கிரே டேங்கின் காற்று நேராக உள்ளே. கிரே டேங்க்தானே என்று அலட்சியமாக இருக்காதீர்கள். எண்ணெயும் சாப்பாட்டுத் துணுக்கும் சோப்பும் சேர்ந்து புளித்தால் பிளாக் டேங்க் தோற்றுவிடும்.

ஒரு குவளை தண்ணீர் ஊற்றினாலே போதும்தான். ஆனால் எனக்கு ஞாபகம் இருக்காது. அதனால் வளைகுழாயை எடுத்துவிட்டு ஹெப்வோ வால்வு போட்டோம். நேரான குழாய் ஒன்று, உள்ளே மெல்லிய சவ்வுக் குழல். தண்ணீர் வந்தால் விரிந்து வழிவிடும், நின்றதும் உதடு ஒட்டினாற்போல் மூடிக்கொள்ளும். நீர் தேங்க வேண்டிய அவசியமே இல்லை, வறண்டு போகுமோ என்ற கவலையும் இல்லை. பொருத்தும் முன்னால் கையில் வைத்துக்கொண்டு ஒரு பக்கம் ஊதிப் பார்த்தேன், காற்று போனது. மறுபக்கம் ஊதினேன், கன்னம்தான் உப்பியது. படுக்கை வாக்கில் பொருத்தினால் கொஞ்சம் சரிவு வேண்டும், அம்புக்குறி பார்த்து மாட்ட வேண்டும். ஒரு குறை: அடைப்பு எடுக்கும் கம்பியை இனி அந்த வடிகாலில் விட முடியாது, சவ்வு கிழிந்துவிடும். முடி விழாமல் மேலே ஒரு வலை போட்டிருக்கிறேன். நான்கரை.

சமையல் தொட்டிக்கு அடியில் இருந்த காற்று வால்வையும் மாற்றினோம். தண்ணீர் வடியும்போது குழாய்க்குள் காற்றை விட்டுவிட்டு, மற்ற நேரம் மூடியிருக்க வேண்டிய சின்னத் தொப்பி அது. எங்களுடையது திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டிருந்தது. கையாலேயே திருகிக் கழற்றலாம், பத்து நிமிட வேலை.

கூரை வென்ட் குழாய்க்கு வாங்கிய சுழல் மூடியைப் பற்றி மட்டும் நல்ல வார்த்தை இல்லை. காற்று அடித்தால் சுழன்று டேங்க் வாயுவை மேலே இழுக்கும் என்று வாங்கினேன். காற்று அடித்தது, சுழன்றது, இரவெல்லாம் கிரீச்சிட்டது. காற்றில்லாத புழுக்கமான நாளில்தான் நாற்றம் அதிகம், அன்றைக்கு அது அசையவே இல்லை. இரண்டு. பக்கத்து வண்டிக்காரருக்குப் பிரச்சினை மூடியே அல்ல. அவருடைய வென்ட் குழாய் டேங்குக்குள் ஒரு ஜாண் இறங்கியிருந்தது. டேங்க் நிரம்ப நிரம்பக் குழாய் முனை மூழ்கிவிடும், வாயுவுக்குக் கழிப்பறையைத் தவிர வேறு வழி கிடையாது. டேங்க் நிறையும்போது மட்டும் நாறினால் மூடி வாங்கும்முன் அந்தக் குழாயைப் பாருங்கள்.

காசே செலவாகாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜன்னல் எல்லாவற்றையும் மூடிவிட்டுக் குளியலறை விசிறியைப் போட்டால், அது வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். மிதியை அழுத்தும் அந்த நேரத்தில் டேங்கிலிருந்தே வரும். நாற்றம் போகத்தானே விசிறி என்று நான் மாதக்கணக்காகச் செய்துகொண்டிருந்தது இதைத்தான். இப்போது மிதித்து முடித்து, மூடி, அப்புறம்தான் விசிறி. ஒரு ஜன்னலும் திறந்திருக்கும்.

இரண்டு எச்சரிக்கை. டேங்கில் பிளீச் ஊற்றாதீர்கள். சிறுநீரோடு சேர்ந்தால் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் குளோரமின் வாயு வரும், ரப்பரும் கெடும். வாயு எங்கே கசிகிறது என்று பார்க்க நெருப்புக் கொளுத்தவும் வேண்டாம். டேங்கில் மீத்தேனும் உண்டு. அது பற்றிக்கொள்ளும், அதற்கு வாடையும் கிடையாது.

இவ்வளவும் முடிந்து போன மாதம் அம்மா மறுபடி வந்தார். வாசலில் நின்று ஒரு மூச்சு, உள்ளே வந்து ஒரு மூச்சு. ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு நிம்மதி. பத்து நிமிடம் கழித்துக் கை கழுவப் போனவர் அங்கிருந்தே குரல் கொடுத்தார். "ஏன்டி, சுடுதண்ணி மட்டும் கூமுட்டை அடிக்குதே?"

பச்சைத் தண்ணீரில் இல்லை, சுடுதண்ணீரில் மட்டும். அப்படியானால் இது வடிகால் இல்லை, வாட்டர் ஹீட்டர். ஹீட்டர் துருப்பிடிக்காமல் இருக்க உள்ளே வைத்திருக்கும் மெக்னீசியத் தண்டும் தண்ணீரில் உள்ள சல்ஃபேட்டும் அதே வகை நுண்ணுயிர்களும் சேர்ந்து செய்யும் வேலை. என் கணவர் கருவிப்பெட்டியை எடுக்க எழுந்தார்.