ஜிஞ்சர் பியரை மாதக்கணக்கில் வைக்க: சோடா மூடியா, தக்கையா, கம்பி மூடியா?

கிறிஸ்மஸுக்குள் குடித்துத் தீர்த்துவிடும் ஜிஞ்சர் பியருக்கு எந்த மூடியும் போதும். ஓகஸ்டில் அடைத்ததை நுவரெலியாவின் ஏப்ரல் சீசன் வரை வைத்துக் குடிக்க நினைப்பவர்களுக்குத்தான் இந்த அலசல். எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் தள்ளிவிட்டுச் சோடா மூடிக்கு, அதாவது விளிம்பில் பற்கள் உள்ள தகர மூடிக்கு, வந்துவிட்டோம். ஆகையால் இதில் நடுநிலை எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் ஒரு நிபந்தனை. சீனி மிச்சமிருக்கும்போதே இறுக்கி அடைத்தால் மூடி பிடித்துக்கொள்ளும், போத்தல் வெடித்துவிடும். நொதிப்பு முற்றாக அடங்கிய பிறகு, லீற்றருக்கு 6 கிராம் சீனி மட்டும் கலந்து அடையுங்கள். நுரைக்கு அது போதும். இப்படி முற்ற நொதித்ததில் போதையும் இருக்கும், பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடாது.

போத்தல் கழுத்திலேயே கம்பியால் பிணைத்திருக்கும் கம்பி மூடியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. திறப்பதும் மூடுவதும் சுகம். ஆனால் உள்ளிருக்கும் இறப்பர் வளையம் காலப்போக்கில் விறைத்துக் காற்று கசியும். மலையகக் கடைகளில் அந்தப் போத்தல் கிடைப்பதே அருமை, மாற்று வளையத்துக்கு எங்கே போவது?

தக்கை அழகுதான். ஆனால் வைனுக்கு அடிக்கும் நேர்த்தக்கை வாயு அழுத்தத்தில் தானே எழும்பிவிடும். தடித்த ஷாம்பெய்ன் போத்தலும், கழுத்தைப் பிடிக்கும் கம்பிக் கூடும் வேண்டும். தக்கை உலராதிருக்கப் போத்தலைப் படுக்கவைக்க வேண்டும், படுக்கவைத்தால் மண்டி பக்கவாட்டில் ஒட்டி, ஊற்றும்போது கலங்கும். மாதக்கணக்கில் பனிமூட்டம் நிற்கும் ஊரில் தக்கையின் வெளிமுகத்தில் பூஞ்சணமும் பிடிக்கும். பெல்ஜியத்தில் தக்கையடித்த பியரை ஆண்டுக்கணக்கில் வைக்கிறார்கள் என்பது உண்மை. நான் தக்கையில் வைத்தது சில போத்தல்கள்தான், என் தீர்ப்பை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

சோடா மூடிக்கு வயது நூற்றுக்கு மேல். பால்டிமோரில் வில்லியம் பெயின்டர் 1892இல் காப்புரிமை பெற்றது இது. ஆரம்பத்தில் உள்ளே தக்கை வட்டம்தான் இருந்தது, இப்போது பிளாஸ்டிக் மெத்தை. காலி பியர்ப் போத்தலே போதும், மூடி அடிக்கும் கைக்கருவியை ஒருமுறை வாங்கினால் சரி. அடித்த மூடியை விரலால் திருகிப் பாருங்கள், அசைந்தால் மறுபடி அடிக்க வேண்டும். ஒருமுறை கழற்றிய மூடியை மறுபடி பயன்படுத்தக்கூடாது.

இதன் ஒரே எதிரி துரு. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில், ஏறத்தாழ 16 பாகை குளிரில் இருக்கிறது. பானம் மெதுவாக முதிர இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஆனால் அதே ஊரின் ஈரம் மூடியைத் தின்றுவிடும். துரு மேற்பரப்பில் தொடங்குவதில்லை, 21 பற்களின் நுனியில், தகடு வெட்டுப்பட்ட இடத்தில் தொடங்குகிறது. நிரப்பும்போது வழிந்த நுரை பற்களுக்கும் கண்ணாடிக்கும் நடுவே தங்கிவிடும். சீனிப் பிசுக்கு ஈரத்தை இழுக்கும், எறும்பையும் அழைக்கும். ஆகவே மூடி அடித்ததும் போத்தலின் கழுத்தை வெந்நீரில் அலசி, துணியின் முனையைத் திரித்துப் பல் பல்லாகத் துடைக்க வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் துடைத்தவையும் துடைக்காதவையும் மழைக்காலம் முடியும்போது பக்கத்தில் நின்றால், எது எதுவென்று கேட்க வேண்டியிருக்காது.

பிறகு இரண்டு வாரம் அடுப்படிப் பக்கம் வைப்போம், குளிரில் நுரை ஏறத் தாமதமாகும். அதன்பின் இருட்டறையில், சீமெந்துத் தரையில் படாமல் பலகையின் மேல் நிமிர்த்தி வைக்கிறோம். சிலர் மூடிமேல் தேன்மெழுகு தோய்க்கிறார்கள். ஈரம் படாமலிருக்க அது உதவும், ஆனால் வாயு கசிவதைத் தடுப்பது உள்மெத்தையின் வேலை. ஓராண்டுக்கு மேல் எங்கள் வீட்டில் எந்தப் போத்தலும் தப்பிப் பிழைத்ததில்லை, குடிப்பவர்கள் அப்படி. அதற்கப்பால் தக்கை முந்துமா என்று நான் வாதிட மாட்டேன்.