சொகுசு செடானில் மைலேஜ் எவ்வளவு முக்கியம்? பெட்ரோல், டீசல், ஹைபிரிட், மின்சாரம் ஓர் ஒப்பீடு

லிட்டருக்கு 8 கி.மீ. ஓடும் செடானுக்குப் பதில் 10 ஓடும் செடானை எடுத்தால், ஆண்டுக்கு 15,000 கி.மீ. ஓட்டுபவருக்கு 375 லிட்டர் மிச்சம். 16 ஓடுவதற்குப் பதில் 20 ஓடுவதை எடுத்தால் மிச்சம் 187 லிட்டர்தான். பார்வைக்கு இரண்டாவது பாய்ச்சல் பெரிது. மிச்சமோ முதலாவதில் பாதி. அதனால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று பார்க்கப் பழகுங்கள். ஏற்கெனவே சிக்கனமான இரண்டு வண்டிகளுக்கு இடையே மைலேஜை வைத்து அடித்துக்கொள்வதில் பொருளே இல்லை. பெருந்தீனி வண்டியைத் தவிர்ப்பதில்தான் மிச்சம் இருக்கிறது.

அடுத்து, உங்கள் சராசரி வேகம் தெரிய வேண்டும். இப்போது ஓட்டும் வண்டியின் ட்ரிப் மீட்டரை பூஜ்யமாக்கி, ஒரு மாதம் விட்டுவிடுங்கள். சராசரி மணிக்கு 25 கி.மீ.க்குக் கீழே வந்தால் நீங்கள் நகர ஓட்டுநர். 50க்கு மேல் வந்தால் நெடுஞ்சாலை ஓட்டுநர். ஏ.சி. போட்டு நின்றபடியே உறுமும் 2 லிட்டர் எஞ்சின் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் குடிக்கும். சிக்னலில் கழியும் அந்த நேரம்தான் நகர மைலேஜைக் கவிழ்க்கிறது. ஐரோப்பாவில் 2017 முதல் நடைமுறையில் உள்ள, எரிபொருள் செலவை அளக்கும் டபிள்யூ.எல்.டி.பி. சோதனையின் சராசரி வேகம் 46.5 கி.மீ.; ஏ.சி. அணைந்திருக்கும். நெரிசலில் ஊர்கிறவருக்கு அந்த எண் ஒருநாளும் கிடைக்காது.

பெட்ரோல் வி6க்கு எதிரே முழு ஹைபிரிட்

ஒரே உடல், இரண்டு இதயம் என்று ஒப்பிட ஏழாம் தலைமுறை லெக்ஸஸ் ஈ.எஸ். மிகப் பொருத்தம். ஈ.எஸ். 350இல் 3.5 லிட்டர் வி6, அதாவது ஆறு சிலிண்டர் எஞ்சின், 302 குதிரைத்திறன். முழு ஹைபிரிட்டான, அதாவது வெளியே செருகாமல் தானே சார்ஜ் ஆகும் ஈ.எஸ். 300எச்-இல் 2.5 லிட்டர் நான்கு சிலிண்டரும் மோட்டாரும் சேர்ந்து 215. அமெரிக்க அரசுச் சோதனையின் எண்களை மாற்றிப் போட்டால், நகரத்தில் வி6 லிட்டருக்கு 9.4, ஹைபிரிட் 18.3. நெடுஞ்சாலையில் 13.6க்கு எதிரே 18.7. நகரத்தில் கிட்டத்தட்ட இரட்டிப்பு. நெடுஞ்சாலையில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல்தான். காரணம் எளிது. பிரேக் போடும்போது வீணாகும் ஆற்றலைப் பிடித்துத் திருப்பித் தருவதே ஹைபிரிட்டின் முக்கிய வேலை. பிரேக்கே போடாத சாலையில் பிடிக்க என்ன இருக்கிறது? அங்கே மிஞ்சும் லாபம், அட்கின்சன் சுழற்சியில் இயங்கும் அந்த எஞ்சினின் சிக்கனத்தால் வருவது.

இரண்டும் கலந்த சராசரியில் 15,000 கி.மீ.க்கு 1,357 லிட்டருக்கு எதிரே 802. ஆண்டுக்கு 555 லிட்டர். இந்த அலசலில் உண்மையிலேயே பொருட்படுத்த வேண்டிய இடைவெளி இது. இரு மாடல்களின் விலை வித்தியாசத்தை எடுத்து, 555 லிட்டரின் விலையால் வகுத்தால் எத்தனை ஆண்டில் ஈடாகும் என்று வந்துவிடும். நீங்கள் வண்டியை வைத்திருக்கப்போகும் காலத்தைவிட அது குறைவாக இருந்தால் ஹைபிரிட்டை எடுக்கத் தயங்க வேண்டாம். ஆனால் ஆண்டுக்கு 7,000 கி.மீ. மட்டுமே ஓட்டுபவருக்கு மிச்சம் 260 லிட்டருக்குள் சுருங்கிவிடும். சொகுசு செடான் முதல் மூன்று ஆண்டில் இழக்கும் மறுவிற்பனை மதிப்புக்கு முன்னால் அது சிறு தொகை. அவர் பிடித்த எஞ்சினை எடுப்பதே சரி.

ஹைபிரிட்டின் குறைகளையும் சொல்ல வேண்டும். முழு அழுத்தம் கொடுத்தால் எஞ்சின் ஒரே சுருதியில் கத்தும். மணிக்கு 96 கி.மீ.யைத் தொட 8.1 விநாடி, வி6க்கு 6.6. பராமரிப்பில் பலரும் மறக்கும் ஒன்று, பின்சீட்டுப் பக்கம் இருக்கும் பேட்டரிக் குளிரூட்டும் காற்றுத் துவாரம். அதன் வலையில் தூசியும் நாய்முடியும் அடைத்தால் பேட்டரி சூடாகி ஆயுள் குறையும். ஒவ்வொரு சர்வீஸிலும் கழற்றித் துடைக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்தத் துவாரத்தின் முன் பையை வைத்து அடைக்காதீர்கள்.

டீசல்: நீண்ட சாலைக்கு மட்டும்

ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் ஆற்றல் அதிகம். எஞ்சினும் திறன் மிக்கது. பென்ஸ் இ 220டி, பி.எம்.டபிள்யூ. 520டி வகை 2 லிட்டர் டீசல்கள் சீரான நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 17, 18 தருவது சாதாரணம். 66 லிட்டர் டேங்க் என்றால் ஒரே நிரப்பலில் 1,100 கி.மீ.; பங்க்கில் நிற்காமல் போகும் நிம்மதியும் சொகுசின் ஒரு பகுதிதான்.

அதே வண்டியை ஐந்து கிலோமீட்டர் அலுவலகப் பயணத்துக்குப் பயன்படுத்தினால் செலவு வேறு வழியில் வரும். புகைத்துகள் வடிகட்டி தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்ய ஏறத்தாழ 600 டிகிரி சூடு வேண்டும். பத்து இருபது நிமிடம் சீரான வேகத்தில் ஓடினால்தான் அது நடக்கும். பாதியில் எஞ்சினை அணைத்தால், எரிப்பதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் சிலிண்டர் சுவர் வழியே கீழிறங்கி எஞ்சின் ஆயிலில் கலக்கும். ஆயில் அளவு மேல் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால் அதுதான் அறிகுறி. ஆயில் நீர்த்துப்போய் டர்போ பேரிங்கையும் தின்னும். பழைய டீசல் செடானைப் பார்க்கப் போகிறவர் முதலில் ஆயில் அளவைப் பார்க்க வேண்டும். புதிய டீசல்களுக்குப் புகையைச் சுத்தம் செய்யும் ஆட்புளூ என்ற யூரியாத் திரவமும் தேவை. அது தீர்ந்துபோனால் வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாது. 32.5 சதவீத யூரியா அளவு பொருந்தாத மலிவுத் திரவத்தை ஊற்றினால் சென்சார் பிழை காட்டும்.

48 வோல்ட் உதவியும், ஆறு சிலிண்டரும்

பென்ஸின் 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினோடு வரும் 48 வோல்ட் மோட்டார் 17 கிலோவாட் உதவி தருகிறது. சிக்னலில் எஞ்சின் அணைந்து எழும் உதறல் இதனால் போய்விடுகிறது, அதற்காகவே பாராட்டலாம். மைலேஜுக்காக இதற்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள், மிச்சம் சிறிது. இந்த வகையில் பல எஞ்சின்களுக்குத் தனி ஸ்டார்ட்டர் கிடையாது என்பதால் 48 வோல்ட் பேட்டரி பழுதானால் வண்டி நகராது. உத்தரவாதத்தை நீட்டிக்கும் வசதி இருந்தால் எடுத்துவையுங்கள்.

நான்கா, ஆறா என்று தவிப்பவருக்கு: ஆறு சிலிண்டர் நூறு கி.மீ.க்கு ஒரு லிட்டர் கூடக் குடித்தாலும் 15,000 கி.மீ.க்கு 150 லிட்டர்தான். அந்த மென்மைக்கு இது நியாயமான விலை என்பதே எங்கள் கணிப்பு. இங்கே மைலேஜைக் காரணம் காட்டி மனதுக்குப் பிடித்த எஞ்சினை விடுவது பின்னால் உறுத்தும்.

பிளக்-இன்: செருகினால் உண்டு, செருகாவிட்டால் இல்லை

பிளக்-இன் என்பது வெளியே செருகிச் சார்ஜ் செய்யும் பேட்டரியோடு எஞ்சினும் உள்ள ஹைபிரிட். எண்கள் மிக அதிகமாக ஏமாற்றுவது இந்த வகையில். 2021இல் பதிவான வண்டிகளுக்குள் இருக்கும் எரிபொருள் அளவியின் தரவுகளைத் திரட்டி ஐரோப்பிய ஆணையம் 2024இல் வெளியிட்ட அறிக்கைப்படி, பிளக்-இன் வண்டிகளின் நிஜமான கார்பன் உமிழ்வு சோதனை எண்ணைப்போல் 3.5 மடங்கு. சாதாரண பெட்ரோல், டீசலுக்கு இந்த இடைவெளி 20 சதவீதம் அளவில்தான். காரணம், எதிர்பார்த்த அளவுக்கு யாரும் சார்ஜ் செய்வதில்லை. செருகாமல் ஓட்டினால் பேட்டரியின் எடையைச் சுமக்கும் பெட்ரோல் வண்டிதான் அது.

டிக்கியையும் திறந்து பாருங்கள். இப்போதைய பென்ஸ் இ-கிளாஸில் 540 லிட்டராக இருக்கும் இடம், பிளக்-இன்னான இ 300இ-யில் 370 ஆகிவிடுகிறது. பி.எம்.டபிள்யூ. 530இ-யில் பேட்டரி தரைக்கடியில் இருப்பதால் 520 லிட்டர் குறையவில்லை. குடும்பத்தோடு விமானநிலையம் போகிறவருக்கு இந்த 150 லிட்டர் மைலேஜைவிடப் பெரிய கேள்வி.

முழு மின்சாரம்: யூனிட்டும் லிட்டரும்

பி.எம்.டபிள்யூ. ஐ5 போன்ற செடான் நூறு கி.மீ.க்கு 19 யூனிட் என்று திரையில் காட்டினால், சார்ஜிங் இழப்பையும் சேர்த்து வீட்டு மீட்டரில் 21 ஓடியிருக்கும். 15,000 கி.மீ.க்கு 3,150 யூனிட். லிட்டருக்கு 16 ஓடும் டீசலுக்கு அதே தூரத்துக்கு 940 லிட்டர். அப்படியானால், ஒரு யூனிட்டின் விலை ஒரு லிட்டர் டீசல் விலையில் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை மின்சாரம் ஜெயிக்கிறது. மேலே சொன்ன ஹைபிரிட்டுக்கு எதிரே வைத்தால் யூனிட் விலை ஒரு லிட்டர் பெட்ரோலில் நாலிலொன்றுக்கும் கீழே இருக்க வேண்டும். வீட்டு இணைப்பில் இது பெரும்பாலும் எளிது. பொது வேகச் சார்ஜரின் கட்டணம் பல மடங்கு என்பதால் அதையே நம்பி ஓட்டினால் லாபம் கரைந்துபோகும். வீட்டில் சொந்தமாகச் செருகுமிடம் இல்லாதவர் இந்த வரிசையில் முழு ஹைபிரிட்டிடம் திரும்புவது நல்லது.

எதை எடுத்தாலும் சக்கர அளவில் கவனம் வையுங்கள். அழகுக்காக 18 அங்குலத்தில் இருந்து 20க்குப் போனால் சக்கர எடையும் உருளும் தடையும் கூடி மைலேஜ் குறையும். மெலிந்த டயர் பக்கவாட்டால் குழியில் ரிம் நெளியும், சவாரியும் கடினமாகும். வேகமும் அப்படித்தான். 100இல் இருந்து 120க்கு ஏறினால் காற்றின் எதிர்ப்பு 1.44 மடங்கு. வண்டி வந்த பிறகு டேங்கை பம்ப் முதன்முதலில் நிற்கும் வரை நிரப்பி, ட்ரிப்பை பூஜ்யமாக்கி, இதேபோல் மூன்று முறை நிரப்பிய லிட்டரை மொத்தக் கிலோமீட்டரால் வகுத்து, நூறால் பெருக்கிப் பாருங்கள். திரை காட்டும் எண் பெரும்பாலும் சில சதவீதம் தாராளமாகவே இருக்கும்.