எட்டுப் பொங்கல், எட்டு பனியன் ஆர்டர்: இன்னும் போடுகிற நிலையில் இருப்பது எது?

காணும் பொங்கலன்று எங்கள் தெருவில் விளையாட்டுப் போட்டி நடக்கும். 2017-இல், "எல்லாரும் ஒரே மாதிரி பனியன் போட்டா நல்லா இருக்குமே" என்று வாயைக் கொடுத்தவன் நான்தான். அன்றிலிருந்து பனியன் பொறுப்பு என் தலையில். (ஈரோட்டுப் பக்கம் டீ-ஷர்ட்டையும் பனியன் என்றுதான் சொல்வோம்.) கொரோனாவால் 2021-இல் மட்டும் விழா இல்லை. மற்றபடி 2025 வரை எட்டு ஆர்டர், ஒவ்வொன்றிலும் ஐம்பதிலிருந்து எண்பது பீஸ். ஆண்டுக்கு ஒன்றைப் பீரோவில் எடுத்து வைத்திருக்கிறேன், போடுவதும் உண்டு.

போன வாரம் எட்டையும் கட்டிலில் விரித்துப் பார்த்தேன். கைக்கு வந்த அன்று தெருவே மெச்சிய பனியன் இப்போது வண்டி துடைக்கத்தான் லாயக்கு. "இவ்வளவுதானா?" என்று முகம் சுளித்து வாங்கிப் போன பனியன் புதுசு மாதிரி இருக்கிறது.

மெச்சப்பட்டது 2022-ஆம் ஆண்டுப் பனியன். கருநீலத் துணியில் சூரியன், கரும்பு, பானை, கொம்பில் பலூன் கட்டிய காளை என்று நெஞ்சு முழுக்கக் கலர். அது டிடிஎஃப் முறை. படத்தை ஃபிலிமில் அச்சடித்து, அதன்மேல் பசைப் பவுடரைத் தூவி உருக்கி, ஹீட் பிரஸ்ஸில் வைத்துத் துணியோடு அமுக்கி எடுப்பார்கள். எத்தனை கலர் இருந்தாலும் கவலை இல்லை, ஒரே ஒரு பீஸ் கேட்டாலும் கிடைக்கும். ஆனால் படம் பெரிதானால் நெஞ்சில் பிளாஸ்டிக் தாளை ஒட்டிக்கொண்ட மாதிரிதான். காற்றுப் போகாது. கயிறு இழுக்கும் போட்டி முடிவதற்குள் பாதிப் பேர் கழற்றித் தோளில் போட்டுவிட்டார்கள். ஆறே மாதத்தில் சூரியனில் விரிசல் விட்டது. படம் இருக்கும் பக்கத்திலேயே அம்மா இஸ்திரி போட்டதில், காளையின் ஒரு கொம்பு இஸ்திரிப் பெட்டியோடு போய்விட்டது.

அதற்காக டிடிஎஃப்பே மோசம் என்று சொல்ல மாட்டேன். அடுத்த ஆண்டு இடது மார்பில் உள்ளங்கை அளவு சின்னம் மட்டும் அதே முறையில் போட்டோம். அது இன்றும் கெட்டியாக இருக்கிறது. நெஞ்சை அடைக்கிற படத்துக்குத்தான் அது சரிப்படவில்லை.

2017-இல் போட்டது ஸ்கிரீன் பிரிண்ட், அதாவது சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத் துணி (அதுதான் ஸ்கிரீன்) வழியாக மையைத் தள்ளி அச்சடிப்பது. மஞ்சள் துணியில் அரக்கு எழுத்து, ஒரே கலர். ஒவ்வொரு கலருக்கும் தனி ஸ்கிரீன் போட வேண்டும், அந்தச் செலவு பத்து பீஸுக்கும் நூறு பீஸுக்கும் ஒன்றுதான். அதனால்தான் ஐந்து பத்து பீஸ் கேட்டால் கடைக்காரர் முகம் மாறுகிறது. அந்த அச்சு எட்டு ஆண்டுக்குப் பிறகும் அசையவில்லை. துணிதான் காலை வாரியது. நாலு துவைப்பில் பக்கவாட்டுத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுக்கு வந்துவிட்டது, நீளமும் சுருங்கிப்போனது.

அன்றைக்கு எனக்கு ஜிஎஸ்எம் என்று கேட்கத் தெரியாது. ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு அது. 140 என்றால் உள்ளே போட்டிருப்பது தெரியும். 220 நம் வெயிலுக்குக் கனம். எங்களுக்கு 180 ஒத்துவந்தது. ஆனால் ஜிஎஸ்எம்மை மட்டும் கேட்டு நிறுத்தினால் பாதிக் கிணறுதான். காம்பாக்டிங் செய்த துணியா, அதாவது தைப்பதற்கு முன்பே மெஷினில் அமுக்கிச் சுருக்கிய துணியா என்று கேளுங்கள், செய்திருந்தால் துவைக்கும்போது அதிகம் சுருங்காது. பயோ வாஷ் ஆனதா என்றும் கேளுங்கள். என்சைம் போட்டு மேலே நிற்கும் பஞ்சை எடுத்துவிடுவார்கள், அது இல்லாத துணியில் சீக்கிரமே உருண்டை உருண்டையாகப் பஞ்சு திரளும்.

2018-ஐ நினைத்தால் இன்றும் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வரும். திருப்பூரில் ஒருவரிடம் கொடுத்தோம். வாட்ஸ்அப்பில் மாதிரிப் படம் வந்தது, "பொங்கல்" சரியாக இருந்தது, ஓகே சொன்னேன். பிரிண்டிங் யூனிட்டில் வேறு கம்ப்யூட்டரில் கோரல்டிரா (டிசைன் போடும் சாஃப்ட்வேர்) ஃபைலைத் திறந்திருக்கிறார்கள், அதில் அந்த ஃபான்ட் இல்லை. 'ப'வுக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய், காலுக்கும் தனக்கும் நடுவில் ஒரு புள்ளி வட்டத்தைச் சுமந்துகொண்டு நின்றது. அச்சடித்தவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது போல. அறுபது முதுகிலும் அதே வட்டம். "நீங்கதானே சார் ஓகே சொன்னீங்க?" என்றார் ஆர்டர் எடுத்தவர். சொன்னது உண்மை, என்ன செய்ய? சில்லறையாக ஏதோ குறைத்துக்கொண்டார்.

தமிழில் அச்சடிக்கிறவர்கள் இந்த ஒன்றை மறக்கவே கூடாது: எழுத்தை 'கர்வ்ஸ்' ஆக்கிய ஃபைலைத்தான் கொடுக்க வேண்டும். அப்போது எழுத்து வெறும் கோட்டு வடிவமாகிவிடும், எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் உடையாது. ஃபைலை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள், போட்டோ என்றால் அது அமுக்கிச் சிறிதாக்கிவிடும். அப்புறம், அச்சான முதல் பீஸைப் படம் எடுத்து அனுப்பிய பிறகே மற்றதை ஓட்டச் சொல்லுங்கள்.

2020-இல் ஸ்போர்ட்ஸ் ஜெர்சி ஆசை. சிவப்பு பாலியஸ்டரில் வெள்ளை எழுத்து. சூடு பட்டால் பாலியஸ்டரின் சாயம் மேலே உள்ள அச்சுக்குள் ஏறும் என்று யாரும் சொல்லவில்லை. மாசி பிறப்பதற்குள் வெள்ளை எழுத்து ரோஸ் ஆகிவிட்டது. பாலியஸ்டர்தான் வேண்டுமென்றால் வெள்ளைத் துணியில் சப்ளிமேஷன் போடுங்கள். அதில் சூட்டில் ஆவியாகும் சாயம் நூலுக்குள்ளேயே போய்விடுவதால் உரிய எதுவும் இல்லை. பருத்தியில் அது பிடிக்காது.

சைஸ் விஷயத்தில் யார் வாயையும் நம்பாதீர்கள். எங்கள் சித்தப்பா ஒவ்வோர் ஆண்டும் "எனக்கு எல் போதும்ப்பா" என்பார். அவர் சொல்வது கல்யாணத்துக்கு முந்தைய எல். போதாக்குறைக்கு ஒரு கம்பெனியின் எல் 40 இன்ச், இன்னொன்றின் எல் 42. இப்போது வீடு வீடாகப் போய், அவரவருக்குப் பொருந்துகிற பனியனைத் தரையில் விரித்து, அக்குளுக்கு அக்குள் டேப் பிடித்து, இரண்டால் பெருக்கிக் குறித்துக்கொள்கிறேன். எக்ஸ்எல்லில் இரண்டு பீஸ் கூடுதலாகவும் சொல்லிவைப்பேன். எப்படியும் ஆள் வந்துவிடும்.

பொங்கலுக்கு வேண்டுமென்றால் மார்கழியில் போய் நிற்காதீர்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போன தொழிலாளர்கள் திரும்பி, திருப்பூர் பழைய வேகத்துக்கு வரவே நாளாகும். நாங்கள் கார்த்திகைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுகிறோம். பாதிப் பணம் முன்பணம், மீதி எண்ணிப் பார்த்த பிறகு. சொல்லும் விலை ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

முகம் சுளித்தார்களே, அது 2025-ஆம் ஆண்டுப் பனியன். 180 ஜிஎஸ்எம் பருத்தி, இரண்டே கலர் ஸ்கிரீன் பிரிண்ட், படம் கிடையாது. ஸ்கிரீன் செலவை முன்னாலேயே கட்டி ஒரு பீஸ் அடித்து வாங்கினேன். அச்சை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தேன், வெடிக்கவில்லை. வெடித்தால் மைக்குச் சூடு போதவில்லை என்று அர்த்தம். மூன்று முறை துவைத்து, மறுபடி டேப் வைத்து அளந்த பிறகுதான் ஆர்டர் உறுதி செய்தேன்.

2026-க்கான சாம்பிள் இப்போது கொடியில் உள்பக்கம் வெளியாகத் தொங்குகிறது. மூன்றாவது துவைப்பும் ஆயிற்று. அடுத்து அதை அம்மாவிடம் இஸ்திரிக்குக் கொடுக்கப் போகிறேன், எந்தப் பக்கம் என்று சொல்லாமல். அதையும் தாங்கினால் மிச்ச அறுபத்தைந்துக்கு முன்பணம்.