த்ராம்பின் டிஎன்ஏ சென்சார் கிட்: வேலை செய்கிறது, ஆனால் ஒரு ட்யூப் குறைகிறது

ரத்தத்தை உறையவைக்கும் த்ராம்பின் என்ற புரதத்தை அளக்கும் கிட் இது. எலிசாவில் (ஆன்டிபாடியை வைத்துப் புரதத்தை அளக்கும் சோதனை) பிளேட்டைக் கழுவிக் கழுவியே பாதி நாளைப் போக்கியவர்களுக்கு இது பெரிய நிம்மதி. கலக்கி, சில நிமிடம் விட்டு, பிளேட்டின் ஒவ்வொரு குழியிலும் ஒளியை அளக்கும் பிளேட் ரீடரில் வைத்தால் போதும்.

உள்ளே இருப்பது 1992-இல் வெளிவந்த, 15 எழுத்தே நீளமுள்ள த்ராம்பின் அப்டமர், அதாவது த்ராம்பினைப் பிடித்துக்கொள்ளும் டிஎன்ஏ இழை. அதன் நுனியில் ஃபாம் என்ற ஒளிரும் சாயம், மேலே ஒட்டியிருக்கும் குட்டி இழையில் அந்த ஒளியை அணைக்கும் குவென்சர், அதனால் ஆரம்பத்தில் ஒளி வராது. த்ராம்பின் வந்ததும் அப்டமர் ஜி-குவாட்ருப்ளெக்ஸ் என்ற இறுக்கமான வடிவமாக மடிந்து அதைப் பிடித்துக்கொள்ள, குட்டி இழை கழன்றுபோய் 520 நானோமீட்டர் பக்கம் பச்சை ஒளி ஏறுகிறது. கிட்டோடு வந்த பஃபர் கரைசலில் இது அழகாக நடந்தது, மூன்று முறை செய்தும் அளவுக்கோடு மாறவில்லை.

சிக்கல் என் மாதிரிகளைப் போட்டபோதுதான். நான் நீர்க்கப் பயன்படுத்திய பஃபரில் பொட்டாசியம் அதிகம், அந்த மடிப்பை நிலைநிறுத்துவதே பொட்டாசியம்தான் என்பதால் புரதமே இல்லாத குழிகளும் ஒளிர ஆரம்பித்தன. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, இரண்டு நாள் இதிலேயே போனது. இப்போது வெற்றுக் குழிக்கும் மாதிரிக்கும் ஒரே பஃபர்தான் போடுகிறேன்.

அப்புறம் சீரம், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த திரவம். திரையில் இரண்டு கோடுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: த்ராம்பின் பிடிபட்ட கோடு சட்டென்று ஏறிச் சமமாகிவிடும், சீரம் போட்ட கோடோ நிற்காமல் மெதுவாக ஏறிக்கொண்டே போகும். அது புரதம் பிடிபட்ட ஒளி அல்ல, சீரத்தில் இருக்கும் நியூக்ளியேஸ் என்ற நொதி டிஎன்ஏவை வெட்டி, சாயத்தைக் குவென்சரிடமிருந்து பிரித்துவிடுகிறது. கடைசி எண்ணை மட்டும் எடுப்பவர் ஏமாந்துபோவார், எனக்கு இதுதான் உண்மையிலேயே கவலை. எழுத்து வரிசையைக் கலைத்துப் போட்ட கண்ட்ரோல் இழை ஒரு ட்யூப் கூடவே வந்திருந்தால் இது உடனே தெரிந்திருக்கும். கேட்டு எழுதினேன், தனியாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. சரி, வாங்கினேன்.

சுத்திகரித்த த்ராம்பினுக்கு ஐந்துக்கு நாலரை தருவேன், சீரத்துக்கு இரண்டுதான்.

வாங்குபவர்களுக்கு ஒன்று: ட்யூபைத் திறக்கும் முன் சென்ட்ரிஃபியூஜில் ஒரு சுற்று விடுங்கள், அடியில் மங்கலான மஞ்சள் படலமாக ஒட்டியிருப்பதுதான் மொத்தச் சரக்கும், மூடியோடு பறந்தால் திரும்ப வராது.