பொறியா, கேமராவா: வடபுலக் காட்டில் வோல் எலிகளைக் கணக்கிடுதல்

அலாஸ்காவின் உட்பகுதிக் காடுகளில் இரண்டு கோடைப் பருவங்கள் வோல் (குட்டை வால் கொண்ட, எலி போன்ற கொறிணி) முதலான சிறு பாலூட்டிகளைக் கணக்கெடுக்கும் பணியில் இருந்தேன். முதல் பருவத்தில் தானியங்கிக் கேமரா பொருத்திய பெட்டிகளையும், அடுத்ததில் விலங்கை உயிருடன் பிடிக்கும் ஷெர்மன் பொறிகளையும் பயன்படுத்தினோம். மூன்றாம் பருவத்துக்குக் கருவியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது பொறிகளையே தேர்ந்தெடுத்தேன்.

சுமையைப் பொறுத்தவரை கேமராவே எளிது. மடக்கி அடுக்கக்கூடிய அலுமினியப் பொறி ஒன்று ஏறத்தாழ கால் கிலோ இருக்கும். பத்துக்குப் பத்தாக, 10 மீட்டர் இடைவெளியில் 100 பொறிகளை வைப்பதென்றால் 25 கிலோவை முதுகில் சுமந்து செல்ல வேண்டும். கரடி மிதித்தால் இரண்டுமே நசுங்கும்.

என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று. வடபுலத்தில் வோல் எலிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிப் பின் சரிவதும், அவற்றை உண்டு வாழும் ஆந்தைகளும் மரநாய் இனங்களும் அதற்கேற்பக் கூடிக் குறைவதும் தெரிந்ததே. அலாஸ்காவின் டெனாலி தேசியப் பூங்காவில் 1992 முதல் வோல்களைத் தொடர்ந்து கணக்கெடுத்து வருவதும் இந்த ஏற்ற இறக்கத்தை அறியத்தான். ஆகவே கேள்வி, இங்கே என்ன இருக்கிறது என்பதல்ல, எத்தனை இருக்கின்றன என்பதே. ஒரே இரவில் ஒரு கேமராவில் நாற்பது படங்கள் பதிவாகியிருந்தன. செம்பழுப்பு முதுகைக் கொண்டு அது செம்முதுகு வோல் என்று சொல்ல முடிந்தது; ஆனால் ஒரே எலி நாற்பது முறை வந்து போனதா, பத்து எலிகள் வந்தனவா என்பதை எத்தனை முறை பார்த்தும் சொல்ல முடியவில்லை.

பொறியில் இந்தக் குழப்பம் இல்லை. இரண்டாம் நாள் காலை ஒரு பொறியைத் துணிப்பைக்குள் சரித்தபோது, ஈரப் பஞ்சோடு வந்து விழுந்த 26 கிராம் வோலின் காதில், முந்தைய நாள் நாங்கள் பொருத்திய உலோக வில்லை இருந்தது. அதன் எண்ணைக் குறிப்பேட்டில் தேடியதும், முதல் முறை அது 30 மீட்டர் தள்ளியிருந்த பொறியில் பிடிபட்டதென்று தெரிந்தது. இப்படி 20 எலிகளுக்கு அடையாளமிட்டு விட்டுவிட்டு, மறுமுறை பிடித்த 25-இல் 10 அடையாளமுள்ளவையாக இருந்தால், முதலில் அடையாளமிட்ட 20-உம் மொத்தத்தில் அதே ஐந்தில் இரண்டு பங்கு என்று கொண்டு, அவ்விடத்தில் மொத்தம் சுமார் 50 எலிகள் உள்ளன எனக் கணிக்கலாம். எடை, பாலினம், சினைப்பட்ட நிலை ஆகியவையும் அதே இரண்டு நிமிடங்களில் கிடைத்துவிடுகின்றன.

இதற்குக் கொடுக்கும் விலை பெரிது என்பதை மறைக்க விரும்பவில்லை. பொறியை வைத்துவிட்டு உறங்கச் செல்ல முடியாது. ஒவ்வொன்றிலும் ஓட்ஸ், சூரியகாந்தி விதை, நீருக்காக ஒரு துண்டு கேரட், குளிருக்குப் பஞ்சு வைத்து, நாளுக்கு மூன்று முறையாவது சுற்றி வர வேண்டும். மழையில் பஞ்சு நனைந்தால் அதை மாற்றியே தீர வேண்டும். ஈரமும் குளிரும் சேர்ந்தால் எலி விறைத்து இறந்துவிடும். அதற்கான ஆட்கள் இல்லையென்றால் பொறியைத் தொடாமல் இருப்பதே நேர்மை.

பனிக்காலத்தில் நிலைமை தலைகீழ். பனிப்போர்வைக்கும் தரைக்கும் இடையிலான வெளியில் எலிகள் நடமாடும் மாதங்களில், பெட்டிக்குள் வைத்த கேமராவே பொருத்தமானதாகத் தோன்றுகிறது. நான் கோடையில் மட்டுமே பணியாற்றியவன் என்பதால் இதை உறுதியாக வாதிட மாட்டேன். மேலும், அமெரிக்காவின் 1964-ஆம் ஆண்டு வனாந்தரச் சட்டம் வனாந்தரமாக அறிவிக்கப்பட்ட நிலப்பகுதிகளில் நிலையான அமைப்புகளைப் பொதுவாகத் தடை செய்வதால், பெட்டிகளை ஆண்டு முழுவதும் விட்டுவைக்கும் எண்ணமிருந்தால் அனுமதிக்கான வேலையை முன்கூட்டியே தொடங்க வேண்டும்.

மூஞ்சூறுகளே நோக்கமென்றால் இரண்டையும் பரிந்துரைக்க மாட்டேன். மூன்று நான்கு கிராம் எடைக்குப் பொறியின் மிதிதகடு பல நேரம் அசைவதே இல்லை. அசைந்து கதவு மூடினாலும், சில மணி நேரம் உணவின்றி இருந்தாலே அவை இறந்துவிடும். இனங்களைப் பிரித்தறிய நுண்ணிய பற்களைப் பார்க்க வேண்டியிருப்பதால் படமும் உதவாது. அவற்றுக்குத் தரையில் புதைக்கும் குழிப்பொறிதான் ஏற்றது. நிலத்தடி உறைபனி நன்கு ஆழத்தில் தொடங்கும் இடமாகப் பார்த்துத் தோண்ட வேண்டும்.