குருதி எண்ணும் மெசினா, நுணுக்குக்காட்டியா?

கொக்குவிலில் சொந்தமாக மிருக வைத்தியக் கிளினிக் திறந்தபோது கையில் இருந்த காசுக்கு இரண்டில் ஒன்றுதான் வாங்க முடிந்தது. ஒன்று, மேசையில் வைக்கும் குருதி எண்ணும் மெசின். மற்றது, நல்ல எண்ணெய் வில்லையுள்ள (எண்ணெய்த் துளி விட்டு மிகப் பெரிதாக்கிப் பார்க்கும்) நுணுக்குக்காட்டியும், குருதியில் செங்குழியம் எத்தனை வீதம் (பி.சி.வி) என்று சுழற்றிப் பார்க்கும் சின்ன மையநீக்கியும். நான் இரண்டாவதை வாங்கினேன். அதனால் இதில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

மெசினின் நன்மைகள் எல்லோருக்கும் தெரியும். சில நிமிடத்தில் விடை, அச்சடித்த தாள், யார் பொத்தானை அமத்தினாலும் ஒரே கணக்கு. கர்ப்பப்பையில் சீழ் பிடித்த பெட்டை நாய்க்கு வெண்குழியம் எவ்வளவு ஏறியிருக்கிறது, ஒப்பரேஷனுக்குப் பிறகு இறங்குகிறதா என்று நாளாந்தம் பார்க்க அதுதான் சரி.

என் மனதை மாற்றியது பராமரிப்புத்தான். முன்பு உதவி வைத்தியராக இருந்த இடத்தில் அப்படி ஒரு மெசின் இருந்தது. காலையில் போட்டவுடன் தன் குழாய்களைக் கழுவும், பிறகு வெறும் திரவத்தை எண்ணிப் பார்க்கும். பின்னேரம் நிறுத்தும்போது இன்னொரு கழுவல். நாய் வந்தாலும் வராவிட்டாலும் இது நடந்தாக வேண்டும். எங்களுக்கு ஒரு நாளைக்கு வந்தது இரண்டு, மூன்று மாதிரிகள். குருதி எண்ணப் போன திரவத்தைவிட மெசின் தன் வாயைக் கொப்பளித்த திரவம்தான் கூட. போத்தலைத் திறந்த நாளிலிருந்து தவணை வேறு ஓடும். பாதிப் போத்தல் மிச்சமிருக்கவே காலாவதியாகி எறிந்திருக்கிறோம். ஒரு மாரியில், சரியாகக் கலக்காத குழாயில் இருந்த சின்னக் கட்டி ஒன்று உள்ளே போய் அடைத்துக்கொண்டது. கொழும்பிலிருந்து ஆள் வரும்வரை பதினொரு நாள் துணி போட்டு மூடி வைத்திருந்தோம். வந்தவருடைய பயணச் செலவும் எங்கள் தலையில்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்த நாட்களில்தான் மூலையில் கிடந்த பழைய நுணுக்குக்காட்டியை ஜன்னலடிக்கு இழுத்து வந்தேன். கீழே கண்ணாடி வைத்த வகை, வெயில் போதும். நவாலியிலிருந்து வந்த லாப்ரடோர் ஒன்று, முரசு வெளிறி, காதுக்குள் உண்ணி. முதல் நாள் மெசின் கொடுத்த தாளில் பிளேட்லட் குறைவு, செங்குழியம் குறைவு. டெங்குவின் புண்ணியத்தில் பிளேட்லட் என்ற சொல் இங்கே எல்லா வீட்டிலும் தெரியும், வீட்டுக்கார அம்மாவும் அதைப் பிடித்துக்கொண்டார். ஆனால் உண்ணி பரப்பும் நோய்களில் பபேசியாவிலும் பிளேட்லட் விழும், எர்லிக்கியாவிலும் விழும். காது ஓரத்தில் குத்தி எடுத்த ஒரு துளியை ஸ்லைட்டில் தடவிச் சாயம் போட்டுப் பார்த்தால் செங்குழியங்களுக்குள் சின்னச் சின்ன மோதிரங்கள்: பபேசியா கிப்சோனி என்ற சின்ன வகை.

அந்தப் பெயர் தெரிந்தால் மருந்தே மாறும். சோடி சோடியாகப் பேரிக்காய் வடிவில் இருக்கும் பெரிய வகை, வோகலி, இமிடோகார்ப் ஊசிக்கு அடங்கும். கிப்சோனி அதற்குச் சரியாக மசியாது. அட்டோவக்குவோனும் அசித்திரோமைசினும் சேர்த்தோ, அது கிடைக்காதபோது டொக்சிசைக்கிளின், கிளிண்டாமைசின், மெற்றோனிடசோல் மூன்றும் சேர்த்தோ போக வேண்டும். நியூட்ரோபில் என்ற வெண்குழியத்துக்குள் நீள்வட்டமாகக் கிடக்கும் ஹெப்பட்டோசூன் என்ற இன்னொரு ஒட்டுண்ணியும் ஸ்லைட்டில்தான் கண்ணில் படும்.

எண்ணிக்கையும் ஓரளவு எடுக்கலாம். எண்ணெய் வில்லையில் ஒரு பார்வைக்கு எத்தனை பிளேட்லட் என்று பத்து இடத்தில் எண்ணி, சராசரியை 15,000ஆல் பெருக்கினால் ஒரு மைக்ரோலீற்றருக்கு உரிய கணக்கு கிட்டத்தட்ட வரும். ஸ்லைட்டில் தடவிய குருதியின் ஓரத்தில் பிளேட்லட் கட்டி கட்டியாக ஒட்டியிருந்தால் அதையும் காண்கிறோம். அதே கட்டியைத்தான் மெசின் கணக்கில் விட்டுவிட்டு ‘குறைவு’ என்று அடித்துத் தரும்.

நுணுக்குக்காட்டிக்கும் செல்லம் கொடுக்க வேண்டும், இல்லையென்று சொல்லவில்லை. முதல் இரண்டு மாதமும் என் ஸ்லைட்கள் எல்லாம் நீலமாக வந்தன. சாயத்தை மாற்றினேன், நேரத்தைக் குறைத்தேன், சரிவரவில்லை. கடைசியில் பார்த்தால் பிழை கிணற்றுத் தண்ணீரில். எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணீர், குருதிக்குப் போடும் லீஷ்மன் சாயத்துக்கு ஒத்துவராது. காய்ச்சி வடித்த நீரில் பி.எச். 6.8 தாங்கல் குளிசையை (நீரின் அமில, கார அளவை நிலையாக வைப்பது) கரைத்துப் பாவித்ததும் செங்குழியம் இளஞ்சிவப்பாக வந்தது. மற்றது வில்லைப் பூஞ்சணம். ஈரக் காற்றில் மூடிவைத்தால் ஒரே மாரியில் வில்லைக்குள் சிலந்திவலை மாதிரிப் படரும். சிலிக்கா ஜெல் பையோடு பெட்டிக்குள் வைக்கிறேன், வேலை முடிந்த கையோடு எண்ணெயைத் துடைக்கிறேன். ஒரு வருடச் செலவு என்று பார்த்தால் சாயம், ஸ்லைட், எண்ணெய், வில்லைத் தாள்.

ஆனால் கண் பழக வேண்டும். மெசினை ஒரு முற்பகலில் பழக்கிவிட்டுப் போவார்கள். எனக்குச் சாயத் துகளையும் பபேசியாவையும் பிரித்தறியவே ஆறு மாதம் எடுத்தது. பேராதனையில் படித்ததெல்லாம் எப்போதோ மறந்துபோயிற்று. கண்வில்லையில் போனை வைத்துப் படமெடுத்து, என்னோடு படித்த ஒருத்திக்கு இரவு பத்து மணிக்கு அனுப்புவேன். “அது துகள், போய்ப் படு” என்று பதில் வரும். எர்லிக்கியாவில் இன்றும் ஸ்லைட்டை நம்பி இருக்கமாட்டேன். ஒற்றைக்குழியம் என்ற வெண்குழியத்துக்குள் அதன் கிருமிக் கொத்தைக் காண்பது அரிது, காணவில்லை என்பதால் நோய் இல்லை என்றாகாது. பூனையில் என் அனுபவம் மெல்லியது. வருபவை பெரும்பாலும் சண்டைக் காயத்தோடு வருபவை. மெசினும் பூனையின் சின்னச் செங்குழியத்தையும் பெரிய பிளேட்லட்டையும் குழப்பிக்கொள்ளும் என்பதை மட்டும் சொல்லலாம்.

சாவகச்சேரிப் பக்கம் கிளினிக் திறக்கப்போகும் தம்பி ஒருவர் போன கிழமை இதையே கேட்டார். மனிதருக்கான பழைய மெசின் ஒன்று மலிவாக வருகிறதாம். வேண்டாம் என்றேன். நாயின் செங்குழியம் மனிதருடையதைவிடச் சின்னது, ஆட்டினது அதைவிடச் சின்னது. அந்த மெசினின் அளவுகோல் அதற்கு வைத்ததில்லை. திரும்ப விற்கவும் ஏலாது, அதன் திரவத்தை விற்கிற கொம்பனி கைவிட்டால் அது வெறும் பெட்டி. நுணுக்குக்காட்டி என்றால் ஏதாவது ஒரு பள்ளிக்கூட ஆய்வுகூடமாவது வாங்கும். நாளொன்றுக்கு எட்டுப் பத்து மாதிரி வந்தால் புது மெசினைப் பற்றி யோசியுங்கள் என்றேன். “இரண்டு வந்தால் பெரிய காரியம் அண்ணை” என்றார். அப்படியானால் 100 மடங்கு எண்ணெய் வில்லையை வெளிச்சத்துக்குப் பிடித்து, உள்ளே பூஞ்சணம் இல்லையென்று பார்த்து வாங்கச் சொன்னேன்.